வலை வடிவமைப்புக் கட்டுரைகளுக்குச் சுயாதீன எழுத்தாளர்களை அமர்த்துதல்

வலை வடிவமைப்புக் கட்டுரைகளுக்குச் சுயாதீன எழுத்தாளர்களை அமர்த்துதல் என்பது, ஓர் இணையதளம் தன் ஊழியர் அல்லாத ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் கட்டுரை எழுதி வாங்குவதாகும். இவ்வாறு எழுதுபவர் பேச்சு வழக்கில் ஃப்ரீலான்சர் எனப்படுகிறார். ஜெர்மனியில் 2006இல் தொடங்கிய ஸ்மாஷிங் மேகசின், கிரிஸ் கோயர் 2007இல் தொடங்கிய சிஎஸ்எஸ்-ட்ரிக்ஸ் ஆகியவை வெளி எழுத்தாளர்களின் கட்டுரைகளையும் வெளியிட்டு வளர்ந்த தளங்களாகும்.

எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல தமிழ் எழுதத் தெரிந்தவர் எல்லோராலும் வலை வடிவமைப்பைப் பற்றி எழுதிவிட முடியாது. ஆங்கிலக் கட்டுரையை மட்டும் பார்த்து எழுதுபவர், "தலைப்புகளைப் பெரிய எழுத்தில் அமையுங்கள்" என்று எழுதிவிடுவார். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. தமிழ்ப் பக்கம் ஒன்றை உண்மையில் உருவாக்கியவருக்கு வேறு சிக்கல்கள் தெரிந்திருக்கும். 'கீ' போன்ற எழுத்துகள் மேலே உயர்வதாலும் 'கூ' போன்றவை கீழே இறங்குவதாலும் வரி இடைவெளி கூடுதலாகத் தேவை. நீண்ட சொற்கள் கைபேசித் திரையின் பொத்தானுக்குள் அடங்குவதில்லை. எனவே ஒருவரை அமர்த்தும் முன், இத்தகைய சிக்கல் ஒன்றைப் பற்றிச் சிறு மாதிரிக் கட்டுரை கேட்பது நல்லது. அதற்கும் கட்டணம் கொடுப்பதே நியாயம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் 2009 முதல் 2011 வரை நடந்த கூகுள் மொழிபெயர்ப்புத் திட்டம் இதற்குப் பொருத்தமான முன்னுதாரணம். கட்டணம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கினர். இயல்பற்ற வாக்கியங்கள், தமிழ் வாசகருக்குத் தொடர்பற்ற தலைப்புகள் என்று தன்னார்வலர்கள் குறைகளைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. எழுதுபவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, சரிபார்ப்பவருக்கு இடம் ஒதுக்காவிட்டால் இதுவே நடக்கும்.

கட்டணம்

ஆங்கிலத்தில் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசுவது வழக்கம். தமிழுக்கு இது பொருந்தாத கணக்கு. ஆங்கிலத்தில் ஆறு சொற்கள் பிடிக்கும் ஒரு தொடர், தமிழில் "இணையதளத்தின் வடிவமைப்பில்" என்று இரண்டே சொற்களில் முடிந்துவிடும். அதே வீதத்தில் கணக்கிட்டால் அதே உழைப்புக்குக் குறைந்த பணமே கிடைக்கும். அல்லது எழுத்தாளர் கட்டுரையை வீணாக நீட்டுவார். கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசுவதும், எத்தனை முறை திருத்தித் தர வேண்டும் என்பதை முன்பே எழுதிக்கொள்வதும் இருவருக்கும் நல்லது.

பதிப்புரிமை

பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்ளும் பகுதி இது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவுப்படி கட்டுரையின் முதல் உரிமையாளர் அதை எழுதியவரே. ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு உடன்பாடு இல்லாதபோது, உரிமை முதலாளிக்குப் போகும். சுயாதீன எழுத்தாளருக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன நிழற்படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரைச் சேரும். கட்டுரைக்கு அப்படி இல்லை.

உரிமையை மாற்றித்தர எழுத்தாளர் கையொப்பமிட்ட ஆவணம் தேவை என்கிறது 19ஆம் பிரிவு. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் படிக்கப்படும் தமிழ்த் தளத்துக்கு இந்த வரையறை எவ்வளவு குறுகலானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தளம் கைமாறும்போதும் இந்த ஆவணங்கள் தேவைப்படும். சிஎஸ்எஸ்-ட்ரிக்ஸ் தளத்தையே 2022இல் டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் வாங்கியது. உரிமையை முழுவதுமாகக் கொடுத்த பிறகும், படைப்பு தன்னுடையது என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவின்கீழ் எழுத்தாளரிடம் இருக்கும்.

பதிப்புரிமை மீறலுக்கு, 62ஆம் பிரிவின்கீழ், எழுத்தாளர் தான் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். காரைக்கால் மாவட்டத்து மண்டபத்தூரில் இருந்துகொண்டு பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு எழுதுபவர், இதற்காகப் பெங்களூரு வரை அலைய வேண்டியதில்லை. ஆனால் கட்டணப் பாக்கிக்கு மட்டும் தொடரும் வழக்கு ஒப்பந்தம் சார்ந்தது. அதற்கு இந்தச் சலுகை இல்லை. ஆகவே எந்த ஊர் நீதிமன்றம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.