லில்லி ஊருக்குப் போன பிறகு

1987ல் சென்னை சேத்துப்பட்டில், மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிப் பள்ளி மைதானத்தில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியது. அப்போது எல்லோர் வாயிலும் இருந்த பெயர் டென்னிஸ் லில்லி. டெஸ்டில் 355 விக்கெட் எடுத்த ஆஸ்திரேலியர், நம் பையன்களுக்குப் பந்து வீசக் கற்றுத்தர வருகிறார் என்பதே பெரிய செய்தி. அந்த வருடம் மும்பையிலிருந்து வந்த 14 வயதுப் பையன் ஒருவனைப் பார்த்து, 'நீ பேட்டிங்கைக் கவனி' என்று லில்லி திருப்பி அனுப்பினார். பையன் பெயர் சச்சின் டெண்டுல்கர். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

தெரியாத கதை ஒன்று உண்டு. லில்லி சென்னையிலேயே குடியிருக்கவில்லை. வருடத்தில் சில முறை வருவார், சில வாரங்கள் இருப்பார், பெர்த்துக்குத் திரும்பிவிடுவார். மீதி மாதங்களில் அந்தப் பையன்களோடு வெயிலில் நின்றவர் டி.ஏ.சேகர். இயக்குநர் லில்லி என்றால், அவருக்கு அடுத்த நிலையில் அன்றாடப் பயிற்சியைத் தாங்கியவர் அவர். ஏறக்குறைய இருபது வருடம்.

சேகரும் வேகப்பந்து வீச்சாளர்தான். தமிழ்நாட்டுக்கு ஆடி, 1983ன் தொடக்கத்தில் பாகிஸ்தானில் இருந்த இந்திய அணிக்குப் போனார். அந்தத் தொடரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்குத் தெரியும், அது எப்படிப்பட்ட தொடர் என்று. இம்ரான் கான் 6 டெஸ்டில் 40 விக்கெட் எடுத்தார். நம் பந்துவீச்சாளர்கள் பாடாய்ப் பட்டார்கள். ஒரே டெஸ்டில் முதஸ்ஸர் நசரும் மியான்தாதும் சேர்ந்து 451 ரன் குவித்தார்கள். சேகருக்குக் கிடைத்தது 2 டெஸ்ட். ஒரு விக்கெட்கூட விழவில்லை. இவை தவிர 4 ஒருநாள் போட்டிகள், அதோடு சரி. புள்ளிவிவரப் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரிக்கு மேல் இடமில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்கு அப்பால்தான் அவருடைய உண்மையான கிரிக்கெட் வாழ்க்கை ஆரம்பித்தது.

இந்தியாவில் அன்று வேகப்பந்து என்றால் கபில் தேவ் மட்டும். அதற்கு முந்தைய தலைமுறையில் சுனில் காவஸ்கரே சில டெஸ்டுகளில் புதுப்பந்தைக் கையில் எடுத்திருக்கிறார். சுழற்பந்துக்காரர்கள் வரும்வரை பந்தின் பளபளப்பைப் போக்கினால் போதும் என்ற காலம். இந்த நிலையை மாற்ற வேண்டும் என்று எம்.ஆர்.எஃப். குடும்பத்து ரவி மாம்மன் நினைத்தார். அவர் 1990ல் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். மையம் நிலைத்து நின்றது.

வேகப்பந்துப் பயிற்சியில் வெளியே தெரியாத வேலைதான் அதிகம். லில்லி எதைக் கற்றுத்தர வந்தாரோ, அது அவர் முதுகில் எழுதப்பட்டிருந்தது. 1973ல் அவருடைய கீழ் முதுகெலும்பில் விரிசல் கண்டு, ஆட்டமே முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். பந்து வீசும் முறையை அடியோடு மாற்றிக்கொண்டுதான் அவர் மீண்டு வந்தார். பின்னங்கால் தரையில் ஊன்றும் நேரத்தில் தோளும் இடுப்பும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். தோள் பக்கவாட்டில், இடுப்பு நேராக என்று கலந்துவிட்டால், ஈரத் துணியைப் பிழிவதுபோல கீழ்முதுகு முறுக்கிக்கொள்ளும். நாளைக்கு நூறு பந்து, வாரத்துக்கு ஐந்து நாள் அப்படி வீசினால், எலும்பு முற்றாத பதினெட்டு வயதுப் பையனின் முதுகு எத்தனை காலம் தாங்கும்?

இதை ஒருவனிடம் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் போதும். லில்லி போன்ற மேதைக்குப் பத்து பந்து பார்த்தாலே குறை தெரிந்துவிடும். ஆனால் உடம்பு கேட்காது. நெட்ஸில் சரியாக வீசுகிற பையன், ஆட்டத்தில் ஒரு பவுண்டரி போனதும் வேகத்தைக் கூட்டப் பார்ப்பான்; உடனே பழைய முறுக்கு திரும்பி வந்துவிடும். ரன்-அப்பைச் சுருக்கி, நடந்து வந்து வீசச் சொல்லி, காலடித் தடத்தைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் அவன் வேகமும் குறையும், விக்கெட்டும் குறையும், மனசும் உடையும். 'ஊருக்கே போய்விடுகிறேன்' என்பான். அப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. தலைமைப் பயிற்சியாளர் குறையைக் கண்டுபிடிக்கலாம். அது உடம்பை விட்டுப் போகும்வரை கூடவே நிற்பவர் அடுத்த நிலையில் இருப்பவர்.

சேகர் நின்றதோடு நிற்கவில்லை, தேடியும் போனார். ஜாகீர் கான் மகாராஷ்டிரத்தின் ஸ்ரீராம்பூரிலிருந்து மும்பைக்கு வந்த இடதுகைப் பையன். அவன் வீசியதைப் பார்த்துச் சென்னைக்கு அழைத்து வந்தவர் சேகர். டெஸ்டில் 311 விக்கெட்டில் போய் நின்ற பயணத்தின் முக்கியமான திருப்பம் அது. ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், இர்ஃபான் பதான், ஆர்.பி.சிங், ஸ்ரீசாந்த் எல்லோரும் சேத்துப்பட்டு மண்ணில் ஓடியவர்கள். குஜராத்தில் பருத்தி விளையும் இக்கர் கிராமத்திலிருந்து முனாஃப் படேல் வந்தார். இலங்கையின் சமிந்தா வாஸ் வந்தார்.

2011 ஏப்ரல் 2, வான்கடே மைதானம், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இந்திய அணியின் மூன்று வேகப்பந்து வீச்சாளர்கள் ஜாகீர், முனாஃப், ஸ்ரீசாந்த். மூவரும் சேத்துப்பட்டில் பயின்றவர்கள். அன்று இரவு நாடே கொண்டாடியது. சேகரின் பெயரை யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. 2008ல் ஐ.பி.எல். தொடங்கியபோதே அவர் டெல்லி அணியின் நிர்வாகத்துக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் எம்.செந்தில்நாதன் வந்தார். 1988ல் ஆஸ்திரேலியாவில் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர், அடிப்படையில் பேட்ஸ்மேன். லில்லிக்குப் பிறகு 2012ல் க்ளென் மெக்ராத் இயக்குநரானார். அவரும் வந்து போகிறவர்தான். பெயர்ப்பலகையில் மெக்ராத், தினமும் காலையில் நெட்ஸில் செந்தில்நாதன்.

இந்த ஏற்பாடு நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. அங்கே 2023 வரை முதல் பிரிவுக் கல்லூரிகளில் தலைமைப் பயிற்சியாளர், சம்பளம் வாங்கும் இரண்டு துணைப் பயிற்சியாளர்கள், அதற்கு மேல் 'தன்னார்வலர்' என்ற பெயரில் ஒருவர். அவருக்கு வேலை முழுநேரம், கல்லூரிச் சம்பளம் இருக்கவில்லை. கோடைக்கால முகாம்களில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து வயிற்றைக் கழுவ வேண்டியிருந்தது. வழக்குகள் வந்த பிறகு, 2023 ஜூலை 1 முதல் அந்தப் பதவியே நீக்கப்பட்டு, மூன்றாவது துணைப் பயிற்சியாளருக்கும் சம்பளம் தரலாம் என்றானது. கோடிக்கணக்கில் பணம் புரளும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இதற்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

கூடவே நிற்க ஆளில்லாத பையன்கள் நம் ஊர்களிலும் உண்டு. அதே 2023 ஜூலையில்தான் கடலூர் மாவட்டம் வளையமாதேவி செய்தியில் வந்தது. நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்காக, கதிர் பிடிக்கும் பருவத்தில் நின்ற நெல் வயலில் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டின. விவசாயிகளின் இழப்பு பெரிது. அதை வேறு எதோடும் ஒப்பிட மாட்டேன். ஆனால் அறுவடை முடிந்த வயல்தான் இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு மைதானம் என்பதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும். நெய்வேலி டவுன்ஷிப்பில் பாரதி விளையாட்டரங்கம் இருக்கிறது, அகலமான சாலைகளும் மரங்களும் இருக்கின்றன. சுற்றியுள்ள ஊர்ப் பையனுக்கு டென்னிஸ் பந்தும் தாளடி காய்ந்த தரையும்தான். வரப்பைத் தாண்டாமல் ரன்-அப்பை அளந்து ஓடிவந்து யார்க்கர் போடுகிறவனை இந்த ஊர்களில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். அவன் தோளும் இடுப்பும் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று பார்க்கத்தான் ஆளில்லை.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில்தான் வீசிக்கொண்டிருந்தார். ஊரிலேயே அக்கறையுள்ள ஒருவர் கண்ணில் பட்டதால் சென்னைக்கு வந்தார். 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். தற்செயலாகக் கிடைத்தவர் அவர். தன் ஊரிலேயே ஒரு மைதானமும் கட்டினார்; 2023ல் அது திறக்கப்பட்டது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நடராஜன் பணம் போட்டு மைதானம் கட்டுவார் என்று காத்திருக்க முடியாது.

மாநில அணிக்கு இன்னொரு பெரிய பெயரைக் கொண்டுவருவதைவிட, மாவட்டத்துக்கு ஒரு துணைப் பயிற்சியாளரை வருடம் முழுக்கச் சம்பளத்தில் வைப்பது எவ்வளவோ மேல் என்று நினைக்கிறேன். முகாம் போட்டுவிட்டு மூன்றாம் நாள் கிளம்புகிறவர் வேண்டாம். கடலூர் மாவட்டத்துக்கு அப்படி ஒருவர் வந்தால், முதல் மாதம் அவர் யாருக்கும் எதுவும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு மோட்டார் சைக்கிளும் நோட்டுப் புத்தகமும் போதும். சேத்தியாத்தோப்பு, புவனகிரி, வளையமாதேவி என்று ஞாயிறுதோறும் டென்னிஸ் பந்து ஆட்டங்கள் நடக்கும் இடங்களுக்குப் போய், எந்தப் பையன் எந்த ஊர், எந்தக் கை, முதுகுவலி இருக்கிறதா என்று எழுதிக்கொண்டு வரட்டும்.