கண்புரையும் கருவிழி மாற்றும்: ஒரே அறுவையா, இரண்டா?

கண்புரையோடு கருவிழிப் பாதிப்பும் உள்ளவர்களின் குடும்பத்தினர், "இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட முடியாதா?" என்று எங்களிடம் கேட்பதுண்டு. பலருக்கு முடியும்; சிலருக்குக் காத்திருப்பதே நல்லது. கருவிழியின் எந்த அடுக்கு பழுதடைந்துள்ளது என்பதே இதில் முதன்மையானது.

கண்ணின் முன்புறத்தில் ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டர் தடிமனில் அமைந்த, ஒளி ஊடுருவும் படலமே கருவிழி. அதன் உட்புறத்தில் ஒற்றை வரிசையாகச் செல்கள் உள்ளன. கருவிழிக்குள் கசியும் நீரை அவை இடைவிடாது வெளியேற்றுவதால்தான் அது தெளிவாக இருக்கிறது. இச்செல்கள் அழிந்தால் அவற்றை ஈடுசெய்யும் அளவுக்குப் புதியவை தோன்றுவதில்லை. ஃபூக்ஸ் நோயில் இவை படிப்படியாகக் குறைகின்றன. கருவிழி வீங்குவதால், காலையில் எழுந்ததும் பார்வை மங்கலாக இருந்து, நேரம் செல்லச் செல்லச் சற்றுத் தெளியும்.

நோய் முற்றிய நிலையில் புரையை மட்டும் அகற்றினால், எஞ்சிய செல்களும் குறைந்து வீக்கம் மிகலாம். உள்படலத்தை மட்டும் மாற்றினால், பின்னர் செய்யும் புரை அறுவை புதிய படலத்தின் செல்களைப் பாதிக்கலாம். எனவே இவர்களுக்குப் புரையை அகற்றி, செயற்கை லென்ஸைப் பொருத்தி, தானமாகப் பெற்ற உள்படலத்தையும் ஒரே அறுவையில் வைக்கிறோம். கண்ணுக்குள் செலுத்தும் காற்றுக்குமிழி அப்படலத்தைத் தாங்கி ஒட்டச்செய்யும். அதற்காக நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். படலம் விலகினால் மீண்டும் காற்று செலுத்த நேரலாம்.

கருவிழியை முழுத் தடிமனில் மாற்ற வேண்டியிருந்தால் நிலைமை வேறு. லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவைக் கொண்டே கணக்கிடுகிறோம். மாற்றுக்குப் பின் அவ்வளைவு நிலைபெற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதற்கு முன்பே லென்ஸ் பொருத்தினால், கணக்கு விலகி, கூடுதல் பவருள்ள கண்ணாடி தேவைப்படலாம். ஆகவே புரை முற்றாதவர்களுக்கு முதலில் கருவிழி, தையல்களை எடுத்தபின் புரை என இரு கட்டமாகச் செய்வதுண்டு. புரை முற்றியிருந்தாலோ, மற்றோர் அறுவையை உடல்நிலை தாங்காது என்றாலோ, ஒரே அறுவையைப் பரிந்துரைப்போம்.

எம்முறையாயினும், மாற்றிய படலத்தை உடல் ஏற்க மறுக்கும் வாய்ப்பு ஆண்டுகள் கழிந்தும் உண்டு. கண் சிவத்தல், வெளிச்சத்தில் கூச்சம், வலி, பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே வாருங்கள். உடனே சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் படலத்தைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அறுவைக்கு நாள் குறிக்கும் முன் மருத்துவரிடம் இம்மூன்றையும் கேளுங்கள்: எந்த அடுக்கை மாற்றுகிறீர்கள்? புரை எவ்வளவு முற்றியுள்ளது? அறுவைக்குப் பின் கண்ணாடி தேவைப்படுமா? விடைகளைக் குடும்பத்தினரும் உடனிருந்து கேட்பது நல்லது.