வானொலி நெடுந்தொடரில் கதைப்போக்கும் கேட்போர் மனக்குறையும்

நெடுந்தொடர் ஒன்றின் கதைப்போக்கைக் கண்டு அதன் சுவைஞர் கொள்ளும் சினத்தைக் கற்பனைக்கும் உண்மைக்கும் வேறுபாடறியாத மயக்கம் எனத் தள்ளிவிடுதல் வழக்கம். கதைத் திருப்பத்திற்கான காரணம் கதைக்குள்ளிருந்து எழுந்ததா, புறத்திலிருந்து புகுத்தப்பட்டதா என்னும் வினா அச்சினத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் கருதப்படுவதில்லை.

தமிழில் இம்மனக்குறை தெளிவாகப் பதிவான இடம் வானொலியன்று, வார இதழே. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்தது. கதை திடீரென நின்றுவிட்டதாகவும் பாத்திரங்களின் பின்வாழ்வு கூறப்படவில்லை என்றும் வாசகர் பலர் எழுதினர். அதற்கு விடையாகவே கல்கி முடிவுரை ஒன்றை எழுதிச் சேர்த்தார். அங்கு அவருக்கு அரணாக நின்றது சோழர் வரலாறு.

வானொலி நெடுந்தொடருக்கு அத்தகைய அரண் இல்லை. முன்னர் ஒலிபரப்பானவையே அதன் வரலாறு. ஒலித்து மறைந்த அவ்வரலாற்றை நெடுங்காலம் காத்துவந்தது கேட்போர் நினைவு. எழுத்தாளர்கள் மாறுவர்; நாள்தோறும் கேட்பவர் மாறுவதில்லை. இதற்குத் தக்க சான்று பி.பி.சி.யின் ‘தி ஆர்ச்சர்ஸ்’. 1951 சனவரி 1 முதல் பிரித்தானியா முழுவதும் ஒலிபரப்பாகிவரும் இத்தொடர், உழவர்க்கு வேளாண் செய்திகளைக் கதைவழி உணர்த்தத் தொடங்கப்பட்டது. (நம் வானொலி நிலையங்களின் ‘வீடும் வயலும்’ நிகழ்ச்சிக்கு இந்நோக்கம் அயலானதன்று.)

1955 செப்டம்பர் 22 அன்று கிரேஸ் ஆர்ச்சர் என்னும் இளமனைவி, தீப்பற்றிய குதிரைக் கொட்டிலில் சிக்கி இறந்ததாகக் கதை அமைந்தது. வணிகத் தொலைக்காட்சியான ஐ.டி.வி. தொடங்கியதும் அதே மாலையில்தான். தொலைபேசியிலும் கடிதங்களிலும் துயரமும் கண்டனமும் குவிந்தன. போட்டி நிலையத்தின் தொடக்க நாளில் ஒரு பாத்திரம் பலியாக்கப்பட்டது என்னும் ஐயம் இன்றுவரை நீங்கவில்லை.

2011இல் இக்குறை இன்னும் கூர்மையுற்றது. 60ஆம் ஆண்டு நிறைவையொட்டி, ஊரையே உலுக்கும் நிகழ்ச்சி வரவிருப்பதாக முன்கூட்டியே விளம்பரம் செய்யப்பட்டது; சனவரி 2 அன்று நைஜல் பார்கெட்டர் கூரையிலிருந்து விழுந்து மாண்டார். கேட்போர் பலர் வெகுண்டனர். இறப்பு இத்தொடருக்குப் புதிதன்று. விழாவுக்காக ஓர் உயிர் எடுக்கப்பட்டதாகத் தோன்றியதே அவ்வெகுளியின் மூலம் எனலாம். அது நேரிய திறனாய்வுமாகும்.

கேட்போர் எப்போதும் சரியாகவே கணிப்பர் என்பதன்று. ராப் தன் மனைவி ஹெலனை அடக்கியொடுக்கும் கதை ஈராண்டுக்கு மேல் நீண்டபோது, அதன் மந்தகதியைச் சிலர் பொறுக்கவில்லை. ஆயின் மனத்தளவிலான கொடுமை சிறுகச் சிறுகவே இறுகும். வேறெந்த வேகமும் அப்பொருளுக்குப் பொய்யாகியிருக்கும். 2016 ஏப்ரலில் ஹெலன் கணவனைக் கத்தியால் குத்தினாள். செப்டம்பரில் கதையின் நீதிமன்றம் அவளை விடுவித்தது. அவள் பெயரால் கேட்போர் ஒருவர் தொடங்கிய நிதி, குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் ‘ரெஃப்யூஜ்’ அமைப்புக்காக 1 இலட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது.