மரப்பலகையில் நிறம்: அருவ ஓவியத்தைக் காணும் முறை

அருவ ஓவியங்களைக் காணச் செல்வோர் முதலில் எழுப்பும் வினா, "இஃது எதன் படம்?" என்பதாகும். மனிதரோ மரமோ மலையோ தென்படாத வண்ணப் பரப்பின் முன் சிறிது நேரம் நின்று, "இது நமக்கு விளங்காது" என்று கூறி நகர்ந்துவிடுகின்றனர். கொங்கு நாட்டாருக்கு இத்தயக்கம் தேவையில்லை. பவானி ஜமக்காளத்தில் அமர்ந்து விருந்துண்ட எவரும், அதன் சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் எதனைக் குறிக்கின்றன என்று கேட்பதில்லை. நிறத்தின் அருகே நிறம் அமையும் பொருத்தமே அங்கு அழகாகிறது. பொருளின் உருவத்தை விடுத்து நிறம், கோடு, வடிவம் ஆகியவற்றின் உறவை மட்டும் காட்டுவதே அருவ ஓவியம்.

மரம் என்னும் தளம்

துணித்திரை பரவலாவதற்கு முன்னர் உலகின் பல பகுதிகளில் ஓவியர்க்குத் தளமாக விளங்கியது மரமே. புகழ்பெற்ற மோனாலிசா ஓவியமும் பாப்லர் மரப்பலகையில் தீட்டப்பட்டதுதான். ஆனால், மரம் ஈரத்தை உண்டு விரியும், உலர்ந்து சுருங்கும். அவ்விரிவு நார் ஓடும் திசையில் குறைவு. குறுக்குத் திசையில் மிகுதி. அதனால் மேலுள்ள வண்ணம் வெடிக்கக்கூடும். இதனை உணர்ந்த தஞ்சை ஓவியர் பலகையின் மீது துணியை ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சிட்டு, தேய்த்து வழவழப்பாக்கிய பின்னரே வண்ணம் தீட்டினர். 'பலகைப் படம்' என்னும் பெயரே அதன் தளத்தைச் சுட்டுகிறது.

உருவமின்றி மரத்தில் எழுந்த பேரழகுக்குச் சான்று, ஸ்பெயின் நாட்டு அல்ஹம்ரா அரண்மனையாகும். 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் தூதுவர் மண்டபக் கூரை 8000-க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளால் இணைக்கப்பட்டது. விண்மீன் வடிவங்கள் அடுக்கடுக்காக உயரும் அவ்வமைப்பு ஏழு வானங்களைக் குறிப்பதாக அறிஞர் கூறுவர். முன்னர் அதன்மீது வண்ணமும் தீட்டப்பட்டிருந்தது.

ஆல்பர்ஸ் காட்டிய பாடம்

இருபதாம் நூற்றாண்டில் நிறத்தையே ஆய்வுப் பொருளாக்கியவர் ஜோசப் ஆல்பர்ஸ் (1888–1976). ஜெர்மனியில் பிறந்த இவர் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராக விளங்கினார். 1933-இல் அப்பள்ளி மூடப்பட்டதும் அமெரிக்கா சென்றார். 1950 முதல் இறுதிநாள் வரை, சதுரத்திற்குள் சதுரம் என்னும் ஒரே அமைப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார். அவர் பெரிதும் பயன்படுத்திய தளம் மேசனைட். மரநாரை அழுத்திச் செய்யப்படும் கடினப் பலகை அது. நார்த்திசை இல்லாததால் இயற்கைப் பலகையைப் போல் ஒரு பக்கமாக விரிவதில்லை. வெள்ளைப் பூச்சின் மேல் குழாயிலிருந்து எடுத்த வண்ணத்தைப் பெரும்பாலும் கலக்காமலே, கத்தி போன்ற கருவியால் பரப்பினார். எந்த வண்ணம் பயன்பட்டது என்பதைப் பலகையின் பின்புறம் குறித்தும் வைத்தார். அவருடைய தந்தை வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழில் அறிந்தவர். கதவுக்கு நடுவிலிருந்து தொடங்கி விளிம்பு நோக்கிப் பூசும் முறையை மகன் அவரிடமே கற்றார்.

ஆல்பர்ஸ் நிறுவிய உண்மை எளியது: நிறம் தனித்து நிற்பதில்லை, அண்டை நிறத்தால் மாறித் தோன்றும். இதனை மாணவர் தாமே சோதிக்கலாம். ஒரே சாம்பல்நிறத் தாளிலிருந்து இரு துண்டுகளை வெட்டி, ஒன்றைக் கறுப்புத் தாளின் மீதும் மற்றதை வெள்ளைத் தாளின் மீதும் வைத்தால், முன்னது வெளிறியும் பின்னது அடர்ந்தும் தோன்றும். 1963-இல் வெளிவந்த அவருடைய நூல், நிறங்களிடையே நிகழும் இத்தகைய வினைகளையே விளக்குகிறது.

தமிழகத்தில்

கீராம்பூரில் 1938-இல் பிறந்த ஓவியர் கே.எம். ஆதிமூலம், காந்தியடிகளைக் கோடுகளால் வரைந்து புகழ் பெற்றவர். பின்னர் உருவங்களைக் கடந்து, நிலக்காட்சியை நிறத்தின் வீச்சாகவே துணித்திரையில் தீட்டினார். கோட்டில் தேர்ந்த கை நிறத்தை நாடியது, உருவம் வரைய இயலாமையால் அன்று. சொல்ல விழைந்தது வேறாக இருந்தமையால்.

காணும் கண்

அருவ ஓவியத்தின் முன் செய்யத்தக்கவை மூன்று. அருகிலும் தொலைவிலும் நின்று காண்க. ஒளி மாறும்போது காண்க. ஒரு நிறத்தைக் கையால் மறைத்து மற்றவை எவ்வாறு மாறுகின்றன என்று காண்க. கடை விளக்கில் பொருந்திய சேலையையும் இரவிக்கைத் துணியையும் வாசலுக்குக் கொணர்ந்து பகலொளியில் ஒப்பிடும் நம் தாய்மார் இப்பயிற்சியை முன்பே பெற்றவர்கள். சாயத்தின் சிறு வேறுபாட்டையும் கண்டறியும் திருப்பூர்த் தொழிலாளரும் அத்தகையோரே.

இஃது ஓவியக்கூடத்தோடு முடியும் செய்தி அன்று. புவிசார் குறியீடு பெற்ற பவானிக் கைத்தறி ஜமக்காளம், விலை மலிந்த விசைத்தறிப் போலிகளோடு போராடி வருகிறது. இரண்டையும் வேறுபடுத்தும் கண் குன்றினால் போலியே நிலைக்கும். நெசவாளர் தறியை விட்டு நீங்குவர். நிறத்தைப் பொறுமையாகக் காணக் கற்றவர், தம் ஊரின் உழைப்பையும் மதிக்கக் கற்றவராவர்.