துல்லியத்துக்குத் தூய மின்சாரம்

திருத்தணிக்கு அருகிலுள்ள ஆர்.கே.பேட்டைப் பகுதியில் விசைத்தறிகள் பல உண்டு. தறியின் மோட்டார் புறப்படும் கணத்தில் மின்னோட்டத்தை மிகுதியாக இழுக்கும். அதே இணைப்பில் எரியும் குண்டு பல்பு சற்றே மங்கித் தெளியும். நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் துல்லியமான அலையியற்றிக்கு அது பெருந்தொல்லை. ஏன் தெரியுமா?

அலையியற்றியின் இதயம் குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரத்தில் அது விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. படிகத்தை அதிரவைக்கும் டிரான்சிஸ்டருக்குச் சிறிதளவு மின்தேக்குதிறன் உண்டு. மின்னழுத்தம் மாறினால் அதுவும் மாறும். உடனே அதிர்வெண்ணும் நகரும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தால், கடிகாரம் நாளொன்றுக்கு 0.0864 விநாடிதான் தவறும். அற்பம் என்கிறீர்களா? செயற்கைக்கோள்களின் ரேடியோ அலைகளைக் கொண்டு இடமறியும் நமது நாவிக் முறையை எண்ணிப் பாருங்கள். ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் அந்த அலைகள் 300 மீட்டர் சென்றுவிடும். கடிகாரம் அவ்வளவு பிசகினால், கணக்கிடும் தொலைவும் அவ்வளவு பிசகும்!

தடுப்பது எப்படி? மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்கிறது. டயோடுகள் மின்சாரத்தை ஒரு திசையில் செலுத்துகின்றன. நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முழு அலையையும் திருத்தினால் விநாடிக்கு 100 சிற்றலைகள் எஞ்சும். மேல்நிலைத் தொட்டி நீரைத் தேக்கித் தருவதுபோல், பெரிய மின்தேக்கி ஒன்று அவற்றைத் தணிக்கும். மிஞ்சும் ஏற்றத்தாழ்வை மின்னழுத்தச் சீராக்கி அடக்கும். மற்ற சுற்றுகளின் தொல்லை அணுகாதபடி அலையியற்றிக்கெனத் தனிச் சீராக்கி வைப்பதே நல்ல முறை.

இனி பல்பு மங்கும்போது சுவரிலுள்ள குவார்ட்ஸ் கடிகாரத்தைப் பாருங்கள். அது உலர் மின்கலத்தில் ஓடுகிறது. தறி மோட்டாரின் தொல்லை அதற்கில்லை!