பெற்றோரை முந்திக்கொள்ளும் பெயர்கள்

நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்கள், இரட்டைக் குழந்தை பிறந்தால் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ஆணோ பெண்ணோ, முதலில் வருவது தாயிவோ, அடுத்தது கெஹிண்டே. வேடிக்கை என்னவென்றால், மூத்ததாக மதிக்கப்படுவது பின்னால் வந்த கெஹிண்டேதான்! ‘உலகம் எப்படி இருக்கிறதென்று பார்த்துச் சொல்’ என்று இளையதை ஏவிவிட்டு, பெரியவர் நிதானமாக வருகிறாராம். அவர்களுக்கு அடுத்துப் பிறப்பது இடோவு. அதற்கும் அடுத்தது அலபா.

இவையெல்லாம் குழந்தை வானுலகிலிருந்தே கொண்டுவரும் பெயர்கள். கால் முதலில் வந்தால் இகே. சடை பிடித்த முடியோடு பிறந்தால் டாடா. முகம் குப்புறப் பிறந்தால் அஜாயி. அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு, 1864இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரான சாமுவேல் அஜாயி க்ரௌதர், ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அந்தப் பெயரைக் கைவிடவில்லை.

மற்றப் பெயர்கள் பெரும்பாலும் எட்டாம் நாள் சூட்டப்படுகின்றன. தேனையும் உப்பையும் குழந்தையின் நாவில் தொட்டுவைத்து வாழ்த்துவார்கள். தாத்தா, பாட்டி, உறவினர் என ஆளுக்கொரு பெயர் வைப்பதும் உண்டு. வீட்டைப் பார்த்துத்தான் பெயரிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. ‘அடே’ என்று தொடங்கினால் கிரீடம், அரச வழி. ‘அயான்’ என்றால் பறை கொட்டும் குடும்பம். தாத்தா இறந்தபின் பிறந்த பேரன் பாபாதுண்டே, ‘அப்பா திரும்பி வந்தார்’. வெளிநாட்டில் பிறந்து ஊர் திரும்பிய பிள்ளை டோகுன்போ. கப்பலில் வந்திறங்கும் பழைய கார்களையும் இப்போது நைஜீரியர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

மனதை உலுக்குபவை அபிக்கு பெயர்கள். பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், ஒரே குழந்தைதான் வருவதும் போவதுமாகப் பெற்றவளை ஏய்க்கிறது என்று நம்பினார்கள்; அந்தக் குழந்தைதான் அபிக்கு. அதனால் பெயராலேயே கெஞ்சினார்கள்: மலோமோ, ‘இனிப் போகாதே’, டுரோஜாயே, ‘இருந்து வாழ்ந்து பார்’. கொசோகோ என்றால் ‘மண்வெட்டி இல்லை’. செத்தால் குழி வெட்ட வழியில்லை என்கிற மிரட்டல் அது. 1845 முதல் 1851 வரை லாகோஸை ஆண்ட மன்னரின் பெயரும் கொசோகோதான்.

வளர்ந்தபின் தானே பெயர் சூட்டிக்கொண்டவர் ஆஃப்ரோபீட் இசையின் தந்தை ஃபேலா. ‘ரான்சம் குட்டி’ என்ற குடும்பப் பெயரிலிருந்த ‘ரான்சம்’ அடிமைப் பெயர் என்று 1970களில் அதை வெட்டியெறிந்து, ‘அனிகுலாப்போ’வைச் சேர்த்துக்கொண்டார். சாவைத் தன் பையில் போட்டு வைத்திருப்பவன் என்று அர்த்தம். இசைக்கலைஞர்களான அவருடைய மகன்கள் ஃபெமி, ஷேவுன் இருவருக்கும் அனிகுலாப்போ குட்டி என்பதே குடும்பப் பெயர்.