செத்த காலேஜும் வாழும் மக்களும்

எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்தை நம் பாட்டிமார் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். மிருகக்காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்பார்கள். உயிர் காலேஜ் இப்போது வண்டலூருக்கு வந்துவிட்டது. செத்த காலேஜுக்கோ தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே மானிடவியல் பகுதியில் பழங்குடி மக்களின் பொருள்களைப் பார்த்து வந்த நாங்கள், அவை எப்படி அங்கு வந்தன என்று தேடிப் படித்தோம். அறிந்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

இந்த அருங்காட்சியகம் 1851இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் தொடங்கப்பட்டது. முதலில் கற்களும் கனிமங்களுமே இருந்தன. பின்னர் மனிதர் பக்கம் பார்வை திரும்பியது. பழங்குடியினரின் ஆயுதங்கள், அணிகலன்கள், உடைகள், வீட்டுச் சாமான்கள் ஆகியவற்றைச் சேகரிக்குமாறு கல்கத்தா அருங்காட்சியகம் கேட்டுக் கொண்டதால், நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் அவற்றைத் திரட்டினார். மலைமேலிருந்த பழைய கல்லறைகளையும் தோண்டினார். அவர் எழுதிய நூல் அவர் இறந்தபின் 1873இல் வெளிவந்தது.

1885 முதல் 1908 வரை சென்னையில் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். பொருள்களைச் சேகரித்ததோடு நில்லாமல், மக்களின் தலையையும் மூக்கையும் உயரத்தையும் கருவிகளால் அளந்தார். அளவுகளைக் கொண்டு மனிதரை உயர்ந்தோர், தாழ்ந்தோர் என வரிசைப்படுத்தலாம் என்று அக்காலத்தில் நம்பினார்கள். அது தவறு என்பதை இன்றைய அறிவியல் காட்டிவிட்டது. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகள் தென்னிந்தியக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றியவை.

அந்நூலில் அவரே இரண்டு செய்திகளைக் குறிப்பிடுகிறார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம். தங்களைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று அஞ்சினார்களாம்! நீலகிரி இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்று சொல்லி அளவெடுக்க இடங்கொடுக்க மறுத்தாராம். படித்ததும் முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அளப்பவர் அதிகாரி, அளக்கப்படுபவர் ஆளப்படுபவர். ‘வேண்டாம்’ என்று சொல்ல அவர்களுக்கு ஓடுவதைத் தவிர வேறு வழி ஏது? சில பொருள்கள் விலைக்கு வாங்கப்பட்டிருக்கலாம்; சில அன்பளிப்பாகவும் வந்திருக்கலாம். ஆயினும், இத்தகைய கூடங்களில் பெரும்பாலும் சேகரித்தவர் பெயர் இருக்கும். கூடையைப் பின்னியவள் பெயர் இருக்காது.

இன்னொரு குறையும் உண்டு. கண்ணாடிக்குள் வைத்ததும் அம்மக்களே மறைந்துவிட்டது போலத் தோன்றுகிறது. உண்மை அதுவன்று. தோடர் பெண்களின் சிவப்பு, கறுப்பு நூல் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் செங்கற்பட்டு மாவட்டத்து இருளர்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் தொழில் நின்றபின், 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வடநெம்மேலியில் அவர்கள் எடுக்கும் நஞ்சு, பாம்புக்கடி மருந்தாகிப் பல உயிர்களைக் காக்கிறது. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

நம் திருச்சபைக்கும் இதில் பாடம் உண்டு. 1925இல் வத்திக்கானில் நடந்த மறைபணிக் கண்காட்சிக்காக உலகெங்கிலுமிருந்து பொருள்கள் கொண்டுவரப்பட்டன. அவற்றோடு தொடர்புடைய 62 பொருள்களை, கனடா நாட்டுப் பழங்குடியினரிடம் சேர்ப்பிக்குமாறு 2025 நவம்பரில் திருத்தந்தை பதினான்காம் லியோ அந்நாட்டு ஆயர்களிடம் ஒப்படைத்தார். நூறாண்டு கழிந்தாலும் நீதிக்குக் காலம் கடந்துவிடுவதில்லை.

ஆகவே தோழியரே, அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் செல்லுங்கள். அழிந்து போயிருக்கக்கூடிய எத்தனையோ பொருள்களை அது காத்து வைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பெட்டியின் முன்பும் நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதைச் செய்தவர் யார்? இங்கே கொண்டு வந்தவர் யார்? இவர்களுடைய பேத்தி இன்று எங்கே இருக்கிறாள்? மூன்றாவது கேள்விக்கு விடை, ஒருவேளை நம் வகுப்பிலேயே அடுத்த பெஞ்சில் அமர்ந்திருக்கலாம்.